பட்டி பூசிய சிவப்புக் கார்

1962ஆம் ஆண்டு நான் ஹட்டனில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து புதுக் கார்கள் வருவது நின்றுபோயிருந்த நேரம். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் தோட்டத் தொரைமார் தங்கள் பழைய கார்களுக்கு வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். வாங்கவும் ஆள் இருந்தது.

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ரிஸ்வி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். இருபத்தெட்டு வயது. கார் என்றால் உயிர்.

"வீரய்யாண்ணே, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பெல்ஷா தொரை இருக்காருல்ல, அவரு அந்த ஸ்போர்ட்ஸ் காரை விக்கிறாராம். நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லணும்."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க சின்ன மொதலாளி" என்றேன்.

அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. என் தங்கை நாகலெட்சுமியின் புருஷன் அழகுமுத்து, அவர் தோட்டத்தில் ஒன்பது வருடம் லொறி ஓட்டியவன். ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், கிளப்பில் குடித்துவிட்டு வந்த தொரை அந்தச் சிவப்புக் காரை மதகில் மோதினார். பின்னால் லொறியில் வந்த அழகுமுத்துதான் அவரை வெளியே இழுத்துப் பங்களாவில் சேர்த்தான். மறுநாள் காலை அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். தொரையின் காரைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டி மோதினான் என்று அதில் எழுதியிருந்தது. தொரை குடித்து ஓட்டியது கொழும்புக் கம்பெனிக்குத் தெரியக்கூடாதல்லவா, அதற்காக ஒரு டிரைவரைத் திருடனாக்கினார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவைப் பூட்டினார்கள். புருஷனும் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டில் வந்து படுத்தார்கள். யூனியன் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது, வழக்கு இன்னும் முடியவில்லை. பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களும் அதே தோட்டத்தின் காம்பிராவில்தானே குடியிருக்கிறார்கள்?

இதெல்லாம் ரிஸ்விக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"தொரையே டைப் அடிச்சு கையெழுத்து வச்சுக் குடுத்திருக்காருண்ணே. பயப்பட ஒண்ணுமில்ல. வாசிக்கிறேன் கேளுங்க. ஒரே சொந்தக்காரர். அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. எந்த விபத்திலும் சிக்கியதில்லை."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"எப்ப போறோம்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பங்களா வாசலில் அந்தக் கார் பளபளவென்று நின்றது. ரிஸ்வி அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, மனதுக்குள் காரைப் பாதி வாங்கியேவிட்டார் என்று. தொரை அவரிடம் இங்கிலீஷில் சிரித்துப் பேசினார். என் கையிலிருந்த டூல் பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ என்னா பாக்குறது? கார் நல்லா இருக்கு."

"கார் வாங்குறவரு பாக்கச் சொல்லியிருக்காருங்க தொரை."

பொனட்டில் கை வைத்தேன். கொதித்தது. குளிர்ந்த எஞ்சினைப் புதிதாக ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். அதை மறைக்க, நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு மற்றதைப் பார்க்கத் தொடங்கினேன்.

என்னிடம் ஒரு காந்தம் உண்டு. பெயிண்டில் கீறல் விழாமல் துணி சுற்றி வைத்திருப்பேன். வலது பக்க மட்கார்டில் வைத்தேன், ஒட்டியது. இடது பக்கத்தில் வைத்தேன், வழுக்கிக் கீழே வந்தது. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயிண்டுக்கு அடியில் தகரமே இல்லை, நசுங்கியதை நிரப்பி மெழுகிய பட்டிதான். முன் டயர் ஒன்று உள்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. கதவை மூடினால் மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே நகம் நுழையாது. உள்ளே கம்பளத்தைத் தூக்கினேன். துரு தின்ற ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த சரளைக்கல் தெரிந்தது.

கடைசியாக ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். இடது பக்கச் சேஸியில் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். முறிந்த சேஸியை ஒட்டவைத்த வெல்டிங், ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. மதகில் மோதியது என்று அழகுமுத்து சொன்ன அதே பக்கம். அங்கேயே படுத்துக் கிடந்தேன். உடனே எழுந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். நீலப் புகை வாசலை மறைத்தது. ரிஸ்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து இறக்கத்தில் ஓட்டினேன். ஸ்டீரிங்கை லேசாக விட்டால் இடது பக்கம் இழுத்தது. இரண்டாவது கியர் போட்டு எக்ஸலேட்டரை விட்டதும், கியர் தானாகக் கழன்று வந்தது. ரிஸ்வி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக் மட்டும் நம்பி இந்த மலையில எறங்க முடியுங்களா? கினிகத்தேனை இறக்கத்துல இது கழண்டா, கடைக்கு வேற ஆள்தான் தேடணும்" என்றேன்.

திரும்பி வந்ததும் ரிஸ்வி தொரையிடம் நேராகக் கேட்டார்: "விபத்து இல்லன்னு எழுதியிருக்கீங்களே, சேஸி முறிஞ்சு வெல்டிங் போட்டிருக்கு?"

தொரையின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது. சின்ன இடி, மதகில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான் என்றார்.

"யாருங்க தொரை ஓட்டினது?" நான் கேட்டேன். குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

அவருக்கு நான் யாரென்று தெரியாது. கண்டவன் கைபட்ட கார் என்றால் விலை குறைந்துவிடும் என்ற எண்ணம்தான் அவருக்கு.

"நான்தான் ஓட்டுறது. இந்த ஸ்டீரிங் கூலிக்காரன் தொட நான் விடுவேனா?"

திரும்பி வரும் வழியில் ரிஸ்வியின் பழைய காரில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓட்டியவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"அந்தக் காகிதத்தக் குடுங்க. கோர்ட்டுல வந்து அவரு சொன்னதையும் சொல்லுங்க" என்றேன்.

"அண்ணே, வருசா வருசம் அந்தத் தோட்டத்து ஆளுங்களுக்குக் கம்பளி நான்தானே குடுக்கிறேன். அந்த யாவாரம் போயிடும்."

"பட்டி பூசி ஒங்க தலையில கட்டப் பாத்தாருன்னு காலையிலேருந்து கொதிக்கிறீங்க. அதே காரு, அதே பொய்யி. அத வச்சு ஒரு குடும்பத்தத் தெருவுல விட்டாரு. அதுக்குக் கொதிக்க மாட்டீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. காரை மறுபடி எடுத்துப் பஜாருக்கு ஓட்டினார். இனி இந்த மனிதனின் காரைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். மூன்றாம் நாள் கராஜுக்கு வந்து காகிதத்தை நீட்டினார்.

"ராத்திரி தூக்கம் வரலண்ணே. கம்பளிய வேற எவனாவது குடுக்கட்டும். நான் வாறேன்."

விசாரணை நாளில் நீதிபதி அந்தக் காகிதத்தைத் தொரையிடம் காட்டி, கையெழுத்து அவருடையதா என்று கேட்டார். ஆமாம் என்றார். பத்துச்சீட்டையும் காட்டினார். அதற்கும் ஆமாம்.

"இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எது பொய்?"

தொரை தோளைக் குலுக்கினார். கார் விற்கும்போது எல்லோரும் எழுதுவதுதான் என்றார், லேசாகச் சிரித்துக்கொண்டே. எனக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு மனிதனின் சோறு, கூரை, பெயர் எல்லாவற்றையும் பறித்த பொய், அவருக்குக் கார் விளம்பரத்துக்குச் சமம்.

பிறகு ரிஸ்வி எழுந்து, பங்களா வாசலில் கேட்டதை ஒரு சொல் குறையாமல் சொன்னார். 'கூலிக்காரன்' என்ற சொல்லையும் விடவில்லை.

அழகுமுத்துவை மறுபடி வேலையில் சேர்க்கவேண்டும், விட்டுப்போன மாதச் சம்பளமும் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தொரை அடுத்த மாதம் கப்பலேறினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. காரை நுவரெலியாவில் எவரோ வாங்கினார்களாம்.

புதுத் தொரை வந்த அன்று அழகுமுத்து தோட்ட ஆபீசுக்குப் போனான். நானும் கூடப் போனேன். கிளாக்கர் பதிவுப் புத்தகத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் பக்கத்தைப் படித்தான். 'திருட்டு' என்று சிவப்பு மையில் எழுதியது அப்படியே இருந்தது.

"இத வெட்டுங்க, கிளாக்கர் ஐயா."

"வேல குடுத்தாச்சுல்ல, இன்னும் என்னப்பா?"

"வேலையக் கோர்ட்டு குடுத்துச்சு. இத நீங்க எழுதினீங்க. நீங்கதான் வெட்டணும்."

முடியாது என்றார். அழகுமுத்து பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். மறுநாளும் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பதில் ஓட்டியவனை ஏற்கெனவே அனுப்பிவிட்டதால், தேயிலைக் கொழுந்துச் சாக்குகள் ஏற்றிய லொறி டிரைவர் இல்லாமல் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் சிங்களவரான புதுத் தொரை வெளியே வந்து, என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். அழகுமுத்து எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நிதானமாகச் சொன்னான். தொரை புத்தகத்தை வாங்கிப் பார்த்து, அந்த வரியின் மேல் தானே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

அழகுமுத்து அதை ஒரு தடவை வாசித்து, கையெழுத்துப் போட்டான். பிறகு லொறிச் சாவியைக் கேட்டான்.