எட்டுக் கோப்பைகளும் ஒரு பையும்

அமெரிக்காவின் வடகோடியில், பெரிய ஏரிக்கரைத் துறைமுகமான டுலூத்தில் மார்ச் மாதம் பெயருக்குத்தான் வசந்தம். ஆனால் ஏரியில் பனி உடையத் தொடங்கிவிட்டால் இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் ஒரு நாள்கூடச் சும்மா நிற்காது. அப்படி ஒரு கப்பலில் சமையல்காரன் ராய்ஸ். நாளைக் காலை ஏறினால் ஜனவரியில்தான் கரை இறங்குவான். இறங்கியதும் மறுபடி தன்னிடம் வருவானா, வரமாட்டானா என்பதுதான், குளிர்காலத்தில் அவன் தங்கும் வீட்டுக்காரியும் காதலியுமான மாரிட்டைத் தின்றுகொண்டிருந்தது.

இதுவரை ஒவ்வொரு குளிர்காலமும் தவறாமல் வந்திருக்கிறான். ஆனாலும் கிளம்பும்போது பல் துலக்கும் பிரஷ் வரை வாரிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனை எதை வைத்து நம்புவது? அவளுடைய முன்னாள் கணவனும் அப்படித்தான், ஒரு சாக்ஸைக்கூட விட்டுவைக்காமல் போனான்.

ராய்ஸ் அடுப்படியில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான். மாரிட் சாப்பாட்டு மேஜையில், குறி பார்க்கும் டாரட் படச் சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் கூடும் சீட்டுக் குழுவில் அவள்தான் பெரிய வாத்தியார். சீட்டு ஜோசியம் சொல்லாது, மனசில் கிடப்பதை எடுத்துக் கண் முன்னால் வைக்கும், அவ்வளவுதான் என்பாள். அடுத்தவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் கேட்காதே, பிடிக்காத சீட்டு வந்தால் இன்னொன்றை உருவாதே என்று எத்தனை பேரைக் கடிந்திருப்பாள்! இன்றைக்கு அந்த அம்மாளே இரண்டையும் மீறிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது 'எட்டுக் கோப்பை' என்ற சீட்டு. அடுக்கி வைத்த கோப்பைகளுக்கு முதுகைக் காட்டி ஒருவன் நிலவொளியில் கோலூன்றிப் போகிறான். விட்டுப் பிரிதல் என்பார்கள். விளக்கம் கேட்டு இன்னொன்றை உருவினாள். இடி விழுந்த கோபுரம் வந்தது. அதற்கு விளக்கமாக ஒன்று, அந்த விளக்கத்துக்கு ஒன்று என்று மேஜையே நிரம்பிவிட்டது.

"தட்ட எங்க வைக்கட்டும், உன் தலை மேலயா?" ராய்ஸ் வந்து நின்றான். "அடேயப்பா! யாருக்கு இவ்வளவு பெரிய கஷ்டம்?"

"எனக்குத்தான்."

"என்ன கேட்ட?"

பொய் சொல்லலாம். வரவில்லை. "உன்னைப் பத்தி. உன்கிட்டச் சொல்லாமலே. திரும்பி வருவியான்னு." முகம் சிவந்துவிட்டது.

ராய்ஸ் தட்டை அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "இதுல நான் எது?"

"இதோ, இவன். விட்டுட்டுப் போறவன்."

அவன் குனிந்து பார்த்தான். சமையல்காரன் கண் நேரே கோப்பைகளுக்குத்தான் போனது. "குடுத்து வச்சவன்" என்றான்.

"என்னது?"

"எவ்வளவு ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கான் பாரு. வச்சுட்டுப் போக ஒரு இடம் இருக்கு அவனுக்கு. யாரும் தூக்கிப் போடமாட்டாங்கன்னு ஒரு தைரியம்." சீட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "இது உன் வீடு, மாரிட். என் சாமான் கிடந்து இடத்த அடைச்சா, அதைப் பாத்துப் பாத்தே உனக்கு என் மேல அலுத்துடும்னு பயம். அதான் துடைச்சு எடுத்துட்டுப் போயிடறது. நீயும் ஒரு தடவைகூட வச்சுட்டுப் போன்னு சொன்னதில்லயே."

அந்த ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி. கடைசித் துண்டைத் தட்டில் விட்டுவிட்டு, 'நீங்க எடுத்துக்கோங்க, நீங்க எடுத்துக்கோங்க' என்று அது காய்ந்துபோகும்வரை உபசரிப்பார்கள். இவர்களும் அந்த லட்சணத்தில்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

"மடையா!" என்றாள் மாரிட். "நீ எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறதப் பாத்துத்தான் வருஷா வருஷம் எனக்கு உயிரே போகுது. இவனும் வரமாட்டான், இவனும் வரமாட்டான்னு."

"நீ கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே, பெரிய மனுஷா!" கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. "எல்லாத்தையும் இங்கயே வச்சுட்டுப் போ. உன் பூட்ஸு, உன் சட்டை, அந்த நாத்தம் பிடிச்ச தொப்பி, எல்லாம். அலமாரில பாதி உன்னோடது. எனக்கு நீ வேணும், ராய்ஸ். நேரா இந்த வீட்டுக்குத்தான் வரணும்."

ராய்ஸ் சீட்டுகளை ஒதுக்கினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"கோட்டு மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்றான் கடைசியில். "ஏரியில இன்னும் குளிரும்."

அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கோ. ஆனா ஜனவரில கொண்டுவந்து நம்ம கதவுக்குப் பின்னாலதான் மாட்டணும்."

"நம்ம கதவா?" என்று கேட்டான் ராய்ஸ்.

"ஆமா" என்றாள்.