மூப்பரின் இடது கை

கிறிஸ்தவ சபையில் இருபது வருடம் மூப்பராக இருந்ததால் எல்லோரும் அவரை மூப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

முதல் நாள் ஊசி போட வந்த பெண்ணைப் பார்த்ததும் அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் அதே தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவள். கிடங்கில் துணிச் சுருள்கள் காணாமல் போனபோது, எடுத்தவள் அவள்தான் என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டு விரட்டியவர் மூப்பர். அதோடு விட்டாரா? அவளும் அதே சபைதான். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "திருட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி வேறு சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பாதிப் பாட்டில் எழுந்து போனவள் பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றுபோனதாகக் கேள்வி. அதன்பின் நர்ஸ் படிப்புப் படித்து இங்கே வேலைக்கு வந்தது அவருக்குத் தெரியாது.

சுருள்களை எடுத்தவன் மூப்பரின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. அது மூப்பருக்கு அன்றைக்கே தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"என்னைத் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியுது. இடது கையை நீட்டுங்க."

நரம்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு ஊசிகளையும் ஏற்றினாள். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் உயிர் அவ கையில கிடக்குது. என்னைக்காவது ஒருநாள் கைவரிசையைக் காட்டிடுவா" என்றார் மனைவியிடம்.

"அப்ப வேற ஆளைக் கேளுங்க. சும்மா கேட்டா மாத்த மாட்டாங்க. ஏதாவது சொல்லிக் கேளுங்க."

சொன்னார். ஊசியை அலட்சியமாகக் குத்துகிறாள், கையுறை மாற்றுவதில்லை என்று எழுதியே கொடுத்தார். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே விசாரித்தார்.

"நான் அப்படிச் செய்யல டாக்டர்" என்றவள் மூப்பரை நேராகப் பார்த்தாள். "இவருக்கு எழுதிக் குடுக்கிறது புதுசில்ல."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அவளை எதிர் வரிசைக் கட்டில்களுக்கு மாற்றினார்கள். மூப்பரிடம் வந்த புது ஆள் இரண்டு வாரம் தப்பாமல் ஒப்பேற்றினான். மூன்றாவது வாரம் ஊசி நரம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. இயந்திரம் அலறியது. கை தலையணை மாதிரி வீங்கியது. புது ஆள் டாக்டரைத் தேடி ஓடினான். மூப்பர் வலியில் கத்தினார்.

எதிர் வரிசையிலிருந்து அவள்தான் வந்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள், ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். கால் மணி நேரம் அழுத்திய கையை எடுக்கவில்லை.

"உனக்கு என் மேல கோபமே இல்லையா?" என்றார், தாங்க முடியாமல்.

"இல்லாம? உங்க முகத்தைப் பார்த்தாலே உடம்பு எரியுது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "தினமும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஜெபம் பண்றேன். 'ஆண்டவரே, இந்த ஆளை மன்னிக்க எனக்கு மனசு வரல. வர்ற வரைக்கும் என் கையையாவது நீங்க பார்த்துக்கங்க'ன்னு. பார்த்துக்கிறார். அவ்வளவுதான். நல்லவள்னு நினைச்சு உருகாதீங்க. ஆடாதீங்க, ரத்தம் வரும்."

கிருபையைப் பற்றி மூப்பர் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார். தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு என்று விளக்கும்போது, அந்தத் தகுதியில்லாதவன் எப்போதும் வேறு யாரோவாகத்தான் இருந்தான். இப்போது அந்தக் கிருபை அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆடாதே என்று அதட்டியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றே டாக்டரிடம் போய், எழுதிக் கொடுத்தது பொய் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், சபையில் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் தம்பி பிள்ளைகுட்டிக்காரன். அவனைச் சந்தி சிரிக்க வெச்சுத்தான் நீங்க மோட்சம் போகணுமா? ஒன்பது வருஷம் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"



ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னார். முடிப்பதற்குள் மச்சான் பாய்ந்து எழுந்தான். "மருந்து தின்னு தின்னு ஆளுக்கு மூளை கலங்கிப்போச்சு, உட்கார வைங்க!" யாரோ சிரித்தார்கள். மறுநாளே மூப்பர் பொறுப்பைப் பறித்தார்கள். அது நியாயம் என்றுதான் அவருக்குப் பட்டது. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலுக்கு மறுபடி அவளே வந்தாள்.

"சபையில சொன்னீங்களாம். நாலு பேர் வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. எங்க அப்பா அதைக் கேட்டிருக்கணும்."

"அப்பா...?"

"போன வருஷம் போயிட்டார். திருடியோட அப்பாவாவே போனார்."

மூப்பர் இடது கையை நீட்டினார். "மன்னிச்சிடுன்னு கேட்க எனக்கு வாயில்லம்மா."

"கேட்காதீங்க. இன்னைக்குக் கேட்டா இல்லன்னுதான் சொல்வேன்." வீக்கம் வடிந்த இடத்தைத் தவிர்த்து, மேலே தள்ளி ஊசியை ஏற்றினாள். "கூட யாரும் வரலையா?"

"இல்ல. சமாளிச்சுக்குவேன்."

"கிழிச்சீங்க. முடிஞ்சதும் தலை சுத்தும். நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

நான்கு மணி நேரம் கழித்து சக்கர நாற்காலியோடு வந்தாள். வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வாடகை வண்டியில் ஏற்றினாள். "மேடு பள்ளம் பார்த்து ஓட்டுங்க, கையில அடி படக்கூடாது" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பும் முன்பே மூப்பர் அழ ஆரம்பித்திருந்தார். ஓட்டுநர், "ரொம்ப வலிக்குதா பெரியவரே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. வலியே தெரியாமத்தான் போடுறா" என்றார் மூப்பர்.