பட்டுக்கரை

விமானப் பயணிகளில் இரண்டு பேர் இறங்கவேண்டும் என்று கவுண்டரில் நின்ற பெண் சொன்னபோது, கனகாம்பிகை கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே உடுத்திருந்த மாம்பழ நிறப் பட்டு கசங்கிவிடும் என்ற கவலை அவளுக்கு. ஒட்டாவாவில் பனிப்புயல், அங்கே இறங்க முடியாவிட்டால் திரும்பி வரவும் போதுமான எண்ணெய் ஏற்றவேண்டும், சின்ன விமானம், ஆகவே பாரம் குறையவேண்டும், கடைசியாக வந்தவர்கள் நீங்கள்தான் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள். விடியவே நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பெரிய விமான நிலையத்தில் இடமில்லை. ஏரிக்குள் இருக்கும் இந்தத் தீவு விமான நிலையம்தான் மிச்சமிருந்த வழி.

ஒட்டாவாவில் இருக்கும் தம்பி பத்மநாதனின் மகள் தேனுகாவுக்கு இன்று மத்தியானம் சாமத்தியச் சடங்கு; பிள்ளை வயதுக்கு வந்திருந்தாள். தலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டிய மாமி கனகாம்பிகை. இந்த நாட்டில் அந்தப் பிள்ளைக்கு வேறு மாமி இல்லை. உடுப்பு மாற்ற நேரமிராது என்றுதான் பட்டை உடுத்து, அதற்குமேல் கோட்டும் பனிக்குப் போடும் சப்பாத்துமாக வெளிக்கிட்டிருந்தாள்.

அவளுடைய கணவர் மாமாங்கம் கவுண்டரில் சாய்ந்து, மருமகளுக்கு ஒரு விசேஷம் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். என்ன விசேஷம் என்று அந்தப் பெண் கேட்டாள். இருபது வயதுகூட இராது அவளுக்கு. மாமாங்கத்தின் காது சிவந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் அகப்பட்டிருந்தாலும், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்திராது. செத்த வீடு என்றார். யார் என்று கேட்டாள். மனைவியின் தம்பி என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் இளகிப்போனது. கனகாம்பிகையின் பக்கம் திரும்பி, உங்கள் தம்பியா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லையென்று சொல்ல நேரம் இருந்தது. கனகாம்பிகை தலையாட்டினாள். பிறகு ஒருவரும் சொல்லாமலே பொத்தானைத் திரும்பவும் பூட்டிக் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துக் குங்குமப் பொட்டை மறைத்தாள். நல்ல நாளும் அதுவுமாக, உயிரோடு இருக்கிற தம்பியை.

"நாங்க இறங்கிறம்."

பின்னால் கதிரையில் இருந்த ஆதம்பாவா அப்படிச் சொல்லிக்கொண்டு எழும்பி வந்தார். காலையில் தீவுக்கு வரும் படகில்தான் அவரைக் கண்டார்கள். மாமாங்கம் பழக்கதோஷத்தில் அந்தப் படகை, ஊரில் வாவி கடக்கும் மிதவையைச் சொல்வதுபோல, 'பாதை' என்று சொல்ல, "பாதை எண்டா நம்மட பக்கத்து ஆள்தான்" என்று சிரித்துக்கொண்டு திரும்பியவர் அவர். அவரைப்போலவே கறுப்புக் கோட்டுப் போட்டிருந்த மனைவி ஹப்ஸாவும் சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்க, ஏறாவூர் என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்களுக்கும் கதை வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கம் அங்கே முஸ்லிம்களைக் கொன்றதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் எந்தக் கதையைத்தான் எடுப்பது? கரை வரும்வரை உடைந்த பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"உங்களுக்கும் அவசரம் இருக்குமே" என்றார் மாமாங்கம், நிலத்தைப் பார்த்து.

"மகள் மின்ஹாட புள்ளைக்குப் பேர் வைக்கிற. பேர் எங்க ஓடப்போகுது?" என்றார் ஆதம்பாவா. கனகாம்பிகையைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "எங்கட ஆக்கள்ற மௌத்து வீட்டுக்குப் போய் முகம் பாக்க எங்களுக்குக் கிடைக்கல்ல, தங்கச்சி. நீங்க போங்க."

மாமாங்கம் கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகச் செய்தார்.

ஹப்ஸா கனகாம்பிகையின் இரண்டு கையையும் பிடித்தாள். கோட்டுக் கைக்குள்ளிருந்து வளையல் கிலுங்கியது. ஹப்ஸாவின் பார்வை வளையலில் நின்று, கீழே இறங்கியது. கோட்டுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் சரிகைக்கரை மினுங்கிக்கொண்டிருந்தது. இப்போது கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று கனகாம்பிகை காத்துக்கொண்டு நின்றாள்.

ஹப்ஸா குனிந்து முழங்காலில் இருந்தாள். பட்டுக்கரையை மடித்து, ஒரு காலுக்குள்ளும் பிறகு மற்றக் காலுக்குள்ளும், சப்பாத்தின் உள்ளே பக்குவமாகச் செருகினாள்.

"வெளிய பனி. நனைஞ்சா பட்டு பழுதாப் போயிரும்" என்றாள்.

விமானத்தின் இறக்கையில் பனி கரைக்கும் மருந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். "பத்மநாதனுக்கிட்ட ஒண்டும் சொல்லிராத, என்ன" என்றார் மாமாங்கம், பெல்டின் கொளுக்கியைத் தேடியபடி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பச்சை நிற மருந்து வழிந்த கண்ணாடிக்கு அப்பால் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே ஒதுங்கியிருக்க, இரண்டு கறுப்புக் கோட்டுகள் மட்டும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. சின்னது பெரியதின் பக்கம் தலையைச் சரித்தது. ஏதோ சொல்லவோ, அல்லது காற்றுக்குத்தானோ.

சீலையை வெளியே எடுத்துவிடக் கனகாம்பிகை குனிந்தாள். சப்பாத்தின் விளிம்புவரை போன கை அங்கேயே நின்றது.