வடக்கு மூலைக் குழி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே சம்மட்டி இறங்கிவிட்டது. மூன்றாம் மாடியில் சுவர் உடைகிறது. இடிசலைச் சட்டியில் அள்ளி, சும்மாட்டில் ஏற்றி, அறுபத்தெட்டுப் படி இறங்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். மூத்தவளுக்கு இந்தப் படிகள் புதிதல்ல. பதினோரு வருஷம் இதில் ஏறிப்போய்த் தையல் மிஷின் மிதித்தவள்.

பஞ்சுக் கிடங்காகக் கட்டிய கட்டடம், பிறகு தையல் கம்பெனி ஆனது. ஒரு காலையில் வாசலில் பூட்டுத் தொங்கியது. பழைய முதலாளி நாலு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேச, மற்ற பெண்கள் அந்த நாலு பேரைப் பார்த்துப் பொருமினார்கள். சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் கலைந்தும் போனார்கள். இப்போது அதைக் குடைந்து அடுக்கு வீடுகளாக மாற்றுகிறார் புது முதலாளி.

முன்னால் சட்டியோடு போகிறாளே இளையவள், கொழுந்தன் பெண்டாட்டி, அவள் நடையே இரண்டு நாளாக மாறிவிட்டது. வீடுகள் முடிந்ததும் காவல் வேலை அவளுக்காம். படிக்கட்டுக்கு அடியில் ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் வைத்த அறையும் அவளுக்காம்.

"அக்கா, ஜன்னலுக்குப் பச்சைத் துணி போடவா, நீலம் போடவா?"

"எதையோ போடு. ஜன்னலே இல்லாத வீட்டுக்காரிகிட்ட கேக்கிற பாரு!"

மூத்தவள் மனசுக்குள் பொருமினாள். ஒழுகுகிற தகரக் கொட்டகையில் நான். வந்து நாலு மாசம் ஆகாதவளுக்கு அறையா?

மேஸ்திரி இளையவளை வடக்கு மூலைக்கு அனுப்பினார். மூத்தவளின் கால் தானாக நின்றது. தைத்த மூட்டைகளைக் கீழே தள்ளுவதற்கு அங்கே ஒரு குழி இருந்தது. கம்பெனிக் காலத்திலேயே பலகை போட்டு, மேலே சிமெண்டு பூசிவிட்டார்கள். பார்த்தால் தரைதான். ஆனால் கம்பெனிப் பெண்கள் யாரும் அதை மிதித்ததில்லை, சுற்றித்தான் போவார்கள்.

சொல்ல வாயெடுத்தாள். இளையவள் பச்சைத் துணிக் கதையை இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். போறா பாரு மகாராணி! மூத்தவள் சட்டியோடு இறங்கினாள். பத்துப் படிதான். மனசு கேட்கவில்லை, திரும்பி ஓடினாள்.

"ஏய், அங்க நிக்காதடி!"

பலகை முறிந்தது.

ஒரு மாடி கீழே, இடிசல் குவியல்மேல் கிடந்தாள் இளையவள். உயிர் இருந்தது, கால் ஒடிந்திருந்தது. கழற்றிய கதவொன்றில் படுக்கவைத்து வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்கு முன்னால் முதலாளி வந்துவிட்டார்.

"பாத்து நடக்கத் தெரியாதா? ஒடிஞ்ச காலோட காவல் காப்பாளா?" மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ பழைய ஆளாமே. அந்த ரூமை நீ எடுத்துக்கோ. ம், எல்லாரும் மேல போங்க."

இரண்டு நாளாக எச்சில் விழுங்கிய அறை. கதவில் கிடந்தவள் புழுதி முகத்தோடு இவளையே பார்த்தாள்.

"ரூம் வேணாம் சார். குழி இருக்குன்னு எனக்குத் தெரியும். பொறாமையில வாய மூடிக்கிட்டேன்."

"அடிப்பாவி! தெரிஞ்சேவா?" என்றாள் இளையவள்.

"தெரிஞ்சேதான்டி."

"கால் சரியாகட்டும், முதல் உதை உனக்குத்தான்."

"உதைக்கிறதுக்காச்சும் சரியாகு." மூத்தவள் அவள் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். முதலாளியைப் பார்த்தாள். "உங்க ஆபீஸ் சுவத்துல பழைய வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, அதுல அந்தக் குழி இருக்கு. நீங்க ஏன் சொல்லல?"

"அது... வீடு வாங்க வர்றவங்க பாக்கறதுக்கு. அழகுக்கு."

"அப்ப எங்களையும் கண்ணாடி போட்டு மாட்டிடுங்க சார்" என்று சம்மட்டியைக் கீழே போட்டார் சுவர் உடைப்பவர்.

"இவ வைத்தியம் உங்க பொறுப்பு. ரூம் இவளுக்குத்தான். எல்லாக் குழியையும் அடையாளம் போடுங்க. அதுவரைக்கும் நாங்க ஏற மாட்டோம்" என்றாள் மூத்தவள்.

"வேற ஆள் இல்லையா ஊருல?" முதலாளி செல்போனை எடுத்தார்.

வண்டி இளையவளை ஏற்றிக்கொண்டு போனது. மூத்தவள், கம்பெனி மூடிய அன்று கலைந்துபோன அதே வாசலில் உட்கார்ந்தாள். செங்கல் துண்டால் தரையில் மூன்று மாடியையும் வரைந்து, நினைவிலிருந்த குழிகளுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டாள். மற்றவர்கள் குனிந்தார்கள். "இந்த உத்தரம் விரிசல் விட்டிருக்கு, அதையும் போடு." "கைப்பிடிச் சுவர் ஆடுது." ஆளுக்கொரு செங்கல் துண்டு எடுத்தார்கள்.

வெயில் ஏறியபோது புது ஆட்களோடு ஒரு லாரி வந்து நின்றது. முதலில் குதித்தவள் சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்தபடியே கேட்டாள்: "என்னக்கா இது, கோலமா?"

மூத்தவள் பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"உக்காரு, சொல்றேன். உன் ஆளுங்களையும் கூப்பிடு."