ஐந்தாவது கோப்பை

கழிவு டப்பாக் கொட்டையை அரைத்து ஐந்தாவது கோப்பையில் கொட்டியவன் சாட்சாத் நானேதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, காப்பிக் கொட்டை வறுத்துப் பிழைக்கும் நாங்கள் ஆறு பேர் எங்களில் ஒருவருடைய பட்டறையில் கூடுவோம். ஆளுக்கொரு வறுவல் கொண்டுவருவோம். எது யாருடையது என்று சொல்லாமல் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி, குறை சொல்லிக்கொள்வோம். வயது போனவர்கள் சண்டை போட்டுக்கொண்டே படிக்கும் பள்ளிக்கூடம். அன்று என் பட்டறை, என் முறை.

அரைவை இயந்திரத்தில் முந்தைய தூள் ஒட்டியிருக்கும். அதைத் தள்ளி வெளியேற்ற, கருகியது, பழையது, கீழே சிந்தியது எல்லாம் கலந்து ஒரு பிடி முதலில் அரைப்போம். அதற்குத்தான் கழிவு டப்பா. மூடியைத் திறந்தால் அணைந்த அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும், மூக்கு உள்ளவனுக்கு. என் மூக்கு கண்ணாடியைத் தாங்குகிறது. மற்றபடி ஐந்து மாதமாக விடுப்பில் இருக்கிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

டாக்டர் “வரலாம், வராமலும் போகலாம்” என்றார். மனைவி “எல்லாம் சரியாயிடுங்க” என்றாள், சரியாகாத எல்லாவற்றுக்கும் சொல்லும் அதே குரலில். கூட்டத்தில் நான் மூச்சு விடவில்லை. மூக்கில்லாதவன் வறுக்கிறான் என்று தெரிந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். கடிகாரத்தையும் நிறத்தையும் பார்த்தே வறுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் இருப்பவர் சொன்னதை இரண்டு வார்த்தை மாற்றிச் சொல்லித் தப்பித்தேன்.

அன்று தப்பிக்க வழியில்லை. பட்டறைக்காரன்தான் முதலில் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

“அஞ்சாவது பிரமாதம். ஆரஞ்சுத் தோல் வாசனை. கடைசியில லேசாத் தேன்” என்றேன்.

மற்ற ஐவரும் உறிஞ்சினார்கள். எல்லாவற்றையும் நொடிக் கணக்கில் எழுதிவைக்கும் ‘கணக்கு’ அண்ணன் பேனாவை மூடினார். ஐவரில் ஒருவனான என் மனைவியின் தம்பிக்கும் இதே தொழில்தான், வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு.

“மச்சான், உங்க தேனீ சிகரெட் பிடிக்குமோ?”

டீச்சரக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூட வேலையை விட்டு வறுக்க வந்தவர். பார்வையை மட்டும் விட்டுவரவில்லை.

“சும்மா சொன்னேன். நல்லாத்தான் இருக்கு” என்று அவன் தரையைப் பார்த்தான்.

“தேன்தான், தேன்தான்” என்றார் கணக்கு அண்ணன், அவசரமாக.

மற்றவர்கள் போனபின் மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஐந்தாவதாக அரைத்திருக்க வேண்டிய டப்பா ஓரமாக நின்றது. மூடியில் ஒட்டிய நாடாகூடக் கிழியவில்லை. பக்கத்தில் அதே அளவில் கழிவு டப்பா, பாதி காலியாக. நாடாவில் இருந்தது டீச்சரக்காவின் கையெழுத்து. தன் காப்பி அங்கே இல்லை என்பது முதல் உறிஞ்சலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். கருகலை விழுங்கிவிட்டு அப்படியே இருந்திருக்கிறார்.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவும் மூக்கோடு சேர்ந்து போயிருக்கலாம்.

அக்கா போகாமல் தொட்டியில் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் தெரியுமாக்கா?”

“அந்தக் கோப்பையை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். “டாக்டரும் சொல்ல மாட்டேங்கறார், வீட்லயும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது நேராச் சொல்லுங்க. நான் இனிமே வறுக்கலாமா?”

அக்கா குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“வேணாம். நாலு மாசமா உன் வறுவல் வெளிய கருகி, உள்ள பச்சையா இருக்கு. எங்க யாராலயும் வாயில வைக்க முடியல. மூக்கு திரும்பற வரைக்கும் வறுக்கற மெஷினைத் தொடாத. திரும்பலைன்னா தொடவே தொடாத. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துடு.”