அரைக் கட்டை

அக்கா கையை உயர்த்தினால் மூன்று ஆண்கள் வாசிப்பதை நிறுத்துவார்கள். விரலை மடக்கினால் மறுபடி தொடங்குவார்கள். புருஷன் என்றுகூடப் பார்க்க மாட்டாள். கிட்டார் வாசிக்கும் அத்தான் ஒரு நொடி பிந்தினால் மேடையிலேயே திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ப்ளூஸ் ராக் பாடுகிறவளுக்கு இந்த மிடுக்கு வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். நான் ஐந்து வயதிலிருந்து இதைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர்.

நான் அவள் தங்கை. கிட்டாருக்கும் பேஸுக்கும் கம்பி மாட்டி, சுருதி கூட்டிக் கையில் கொடுப்பது என் வேலை. ஒரு கச்சேரி நாள் மதியம் அரங்கத்தின் பக்கத்து அறையில் நான் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நிருபர் ஒருத்தி அக்காவிடம் எல்லோரும் கேட்பதையே கேட்டாள். 'கதவைத் தொற' பாட்டு எப்படி வந்தது?

"சலவைக் கூடத்துல வேலை பார்த்தேன்," என்றாள் அக்கா. "மேஸ்திரி என்னை ஆவி ரூம்ல வச்சுப் பூட்டிட்டான். ரெண்டு மணி நேரம். கதவைத் தட்டித் தட்டியே மெட்டு வந்துச்சு. அழுதுக்கிட்டே பாடினேன்."

பூட்டியது என்னை. தட்டியது என் கை. அன்றைக்கு அவள் தலைவலி என்று வேலைக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்து அவளுக்குத்தான் முதலில் பாடிக் காட்டினேன். அடுத்த மாதம் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேச முடியாமல் கிடந்தபோது, அவள் அதை மேடையேற்றிவிட்டாள். ஆறு மாதம் கழித்து இனி பாடலாம் என்று டாக்டர் சொன்னார். பாட என்னிடம் பாட்டு இல்லை. ஒரே ஒருமுறை கேட்டேன். "நம்ம வீட்டுப் பாட்டுதானேடி, யார் பாடினா என்ன?" என்றாள். இசைத்தட்டில் வீட்டின் பெயர் இல்லை, அவள் பெயர்தான் இருக்கிறது.

பத்தொன்பது வருடம் பொறுத்தேன். அதுவரை இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவாள், பாட்டை மட்டும்தான் எடுத்திருந்தாள். அந்த மதியம் நிருபரிடம் அந்த அறையையும், அந்த வேக்காட்டையும், என் அழுகையையும் எடுத்துக்கொண்டாள். அதுவும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அவளுடைய ஒரு ரகசியம் என் கையில் இருந்தது. இரண்டு வருடமாக அவள் குரல் மேலே எட்டுவதில்லை. அதனால் எல்லா வாத்தியத்தையும் அரைக் கட்டை சுருதி இறக்கித்தான் வைப்பேன். வாசிப்பவர்களுக்கு விரல் வைக்கும் இடம் மாறாது. கேட்பவர்களுக்கும் தெரியாது.

கடைசிப் பாட்டுக்கு முன் அவர்கள் உள்ளே போய் முகம் துடைத்துக்கொண்டு வருவார்கள். கூட்டம் காலைத் தட்டிக் கூப்பிடும். அந்த ஐந்து நிமிடமும் வாத்தியங்கள் என்னிடம் இருக்கும். கிட்டாரில் ஆறு கம்பி, பேஸில் நாலு. அந்த இரவு பத்தையும் அரைக் கட்டை ஏற்றினேன். நான் முதன்முதலில் அவளுக்குப் பாடிக் காட்டிய அதே சுருதி. இரண்டாயிரம் பேர் முன்னால் அவள் குரல் உடைய வேண்டும், எனக்கு அது போதும்.

அத்தான் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியை இழுத்துப் பார்த்தார். "என்னம்மா, விறைப்பா இருக்கு?"

"ரெண்டு மணி நேரம் வாசிச்சாச்சுல்ல அத்தான், விரல் ஓய்ஞ்சிருக்கும்."

நம்பிவிட்டார். மனுஷன் எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்த நாள் முதல் நம்பிக்கொண்டேதான் இருக்கிறார்.

அக்கா தொடங்கினாள். "கதவைத் தொறடா, கை வலிக்குது..." இரண்டாவது வார்த்தையிலேயே அவள் புருவம் ஏறியது. தொண்டைக்குத் தெரிந்துவிட்டது. அத்தானைப் பார்க்கவில்லை. நேராக மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. உச்சத்துக்கு இன்னும் எட்டு வரி இருந்தது. ஏறித் தொலை, ஏறி விழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் கையை உயர்த்தினாள். வாத்தியங்கள் நின்றன.

"இது என் தங்கச்சி பாட்டு," என்றாள் மைக்கில். "ஆவி ரூம்ல பூட்டினதும் அவளைத்தான். இன்னிக்கு அவ தொண்டைக்குத் தகுந்த மாதிரி அவளே சுதி கூட்டியிருக்கா. அவளே பாடட்டும்."

கூட்டம் கத்தியது. பத்தொன்பது வருடமாக நான் ஏங்கியதை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் குளியலறையில்கூடப் பாடியதில்லை என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மன்னிப்புக் கேட்கிறாளா, கழுத்தை அறுக்கிறாளா? முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாவி, அப்போதும் நிமிர்ந்துதான் நின்றாள்.

விரலை மடக்கினாள். ட்ரம்ஸ்காரர் அந்தத் தட்டலைத் தொடங்கினார், கதவைத் தட்டும் தட்டல். பேஸ் சேர்ந்துகொண்டது. அத்தான் முதல் வரியின் மெட்டையே திரும்பத் திரும்ப வாசித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. மேடைப் புகைக்கு நடுவில் அக்கா மைக்கை நீட்டியபடி நின்றாள். வாங்கினேன். அதன் பிடி அவள் வியர்வையில் சுடச்சுட ஈரமாக இருந்தது. ஒரு கை தானாகத் தொண்டைத் தழும்புக்குப் போனது. வாயைத் திறந்தேன்.