நாலாக மடிக்காத கஃப்தான்

வெள்ளவத்தையில் உள்ள என் கொமினிகேஷன் கடைக்கு ஆட்கள் வருவது போட்டோக்கொப்பி எடுக்க, போனுக்கு ரீலோட் போட, சில வேளை மழைக்கு ஒதுங்க. என்னை ஏசுவதற்கென்றே கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்தது அந்த வியாழக்கிழமைதான்.

“நீங்கதானே சயந்தன்? ‘வெட்டித் தைப்போம் வாங்க’ சயந்தன்?”

என் முகம் மலர்ந்ததை மறைக்க மாட்டேன். பழைய யன்னல் சீலையில் நானே தைத்துப் போட்டிருந்த சேர்ட்டின் கொலரை நிமிர்த்திவிட்டேன். ரசிகை. படம் எடுக்கக் கேட்டால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் கையிலிருந்த பையைப் போட்டோக்கொப்பி மெஷினின் கண்ணாடி மேல் கவிழ்த்தார். கடும் பச்சைச் சாட்டின் துணி. ஒரு கை, ஒரு தோள், கால்வாசிக் கழுத்து.

“இந்தாங்க, உங்கட கைக்குட்டை.”

அப்போதுதான் ஆள் யாரென்று விளங்கியது. நிமிர்த்திய கொலரை இறக்கிவிட்டேன்.

பழைய சேலை, சாரம், திரைச்சீலை எல்லாவற்றையும் வெட்டி உடுப்பாக்கும் வீடியோக்களை நான் பேஸ்புக்கில் போடுகிறவன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். போன வாரம் போட்டது, ஒரே வெட்டில் கஃப்தான். அதன் கீழே பஸீஹா என்று ஒருவர் படத்துடன் எழுதியிருந்தார்: ‘நீங்க சென்ன அளவுக்குத்தான் வெட்டினேன். கால்வாசிதான் வந்தீக்கி.’ படத்தைப் பார்த்தவுடனே பிழை தெரிந்தது. துணியை நாலாக மடித்து வெட்ட வேண்டும். இவர் விரித்து வைத்து வெட்டியிருக்கிறார். மனிதனாகப் பிறந்தவன் அதை மட்டும் சொல்லியிருப்பான். நான் நகைச்சுவையாளன் அல்லவா. ‘தங்கச்சி, மடிக்காமல் வெட்டுகிறவர்களுக்கு நான் கஃப்தான் சொல்லித் தருவதில்லை. கைக்குட்டை வேண்டுமானால் வாருங்கள்’ என்று எழுதினேன். இருநூற்றுப் பதினாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குக் கறியே தேவைப்படவில்லை.

“தங்கச்சி, கோவிக்காதேங்கோ,” என்றேன். “மடிக்கச் சொல்லி வீடியோவிலை தெளிவாச் சொன்னனான்.”

“எங்க?”

“வடிவாப் பாத்தால்...”

“பதினேழு தரம் பாத்தேன். எங்க ஈக்கின்னு காட்டுங்க.”

கடையில் அப்போது சிவபாதசுந்தரம் மாஸ்டர் காணி உறுதிப் பத்திரம் கொப்பி எடுக்க நின்றார். அவருக்கு எந்த அவசரமும் இருந்ததில்லை. “காட்டு தம்பி,” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, வெற்றிப் புன்னகையோடு வீடியோவை ஓடவிட்டேன். திரையில் நான் துணியை விரிக்கிறேன். “வடிவா விரிச்சுக் கொள்ளுங்கோ,” என்கிறேன். அடுத்த கணம் என் கையில் கத்தரிக்கோல். “இப்ப மூலையிலை இருந்து மூண்டு அங்குலம்...”

பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டேன். விரிக்கிறேன், கத்தரிக்கோல். மூன்றாம் தரமும் போட்டேன், இந்தத் தடவையாவது அந்தத் திரைக்குள் இருக்கிற மடையன் மடிப்பான் என்று.

“மடிச்சது எங்கை தம்பி?” மாஸ்டர் கேட்டார்.

மடித்தது எங்கே என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. மடிக்கும்போதுதான் என் மனைவி சாமினி நைட்டியோடு பின்னால் குறுக்கே போனாள். போனவள் சும்மா போகவில்லை, கத்திக்கொண்டு போனாள். அந்தப் பதினொரு செக்கனை நான் வெட்டி எறிந்தேன். அதோடு மடிப்பும் போய்விட்டது. நாலாயிரம் பேர் பார்த்து, ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்றால், நாலாயிரம் பேரில் உண்மையாகத் துணியில் கத்தரிக்கோல் வைத்தவர் இந்தப் பெண் ஒருவர்தான் போலிருக்கிறது. அவரைத்தான் நான் கூட்டத்தின் நடுவே நிறுத்தி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

“பிழை என்ரைதான்,” என்றேன். “மிச்சத் துணி இருக்கெல்லோ? அதிலை இன்னும் மூண்டு துண்டு வெட்டி, நடுவிலை பொருத்து வச்சு...”

“அது நேத்தே வெட்டிட்டேன். எனக்குப் புத்தி ஈக்கி.” பச்சைத் துண்டை மடித்து, என் கண்ணெதிரே நிதானமாக நாலாக மடித்து, பைக்குள் வைத்தார். “துணிக்கு வரல்ல நான். என்ட பேருக்கு வந்தேன்.”

பிறகு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சினி பர்ஹாவுக்குக் கலியாணம். குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் கட்டாரிலிருந்து ஒரே துணி வந்தது. மற்றவர்கள் டெய்லரிடம் கொடுத்தார்கள். பஸீஹா மட்டும், என்டத நானே தைக்கிறேன் என்றார். மாமியார் பலீலாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. கால்வாசி வந்ததும், என் பதிலை மாமி குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டார்.

“இப்ப வீட்ல சின்னப் புள்ளையும் என்னக் கைக்குட்டைன்னுதான் கூப்புடுது. நாளைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் உடுத்திப் பாக்க வாறாங்க. அதுக்கு முந்தி, பிழை உங்கடன்னு மாமிட போன்ல வரணும்.”

“வீடியோவை இப்பவே அழிக்கிறன்.”

“அழிச்சா? நான் பொய் செல்ற ஆளாயிடுவேன்.”

“அப்ப மடிக்கிறதைப் புதுசா எடுத்து...”

“இப்ப எடுத்ததுன்னு மாமி செல்வாங்க. மாமிக்கு நீங்க புதுசு, எனக்கு அவங்க ஒம்பது வருஷம். வெட்டி எடுத்த துண்டு எங்க? அதப் போடுங்க.”

“அதிலை என்ரை மனுசி நிக்கிறா...”

“என்ட படத்துக்குக் கீழ இருநூத்திப் பதினாலு பேர் நின்னாங்களே. நான் ஏதும் சென்னேனா?”

போய்விட்டார். மாஸ்டர் எழுந்து, காணி உறுதியை நீட்டி, “இதிலையும் ஒரு பக்கத்தை விட்டிடாதை,” என்றார்.

பகலோடு கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வெட்டாத வீடியோ போனில் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். நான் துணியை மடித்துக்கொண்டு, “இப்ப நாலா மடிக்கோணும், இதுதான் முக்கியம்,” என்கிறேன். அதே நேரம், பூப்போட்ட நைட்டியில், கையில் மீன் சட்டியோடு சாமினி கடக்கிறாள்: “உங்கட அக்கா அனுப்பின நைட்டியைப் பாருங்கோ, அரிசிச் சாக்குக்குக் கை வச்ச மாதிரி! தானே தைச்சதாம்! தையல் உங்கட பரம்பரைக்கே வராது!”

என் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். என் பக்கத்தின் முதலாவது ரசிகை. தையல் மெஷின் அனுப்பியது அவர். ஒவ்வொரு வீடியோவையும் சபையில் தேவாரம் கேட்பதுபோல் கடைசிவரை இருந்து பார்ப்பவர். சத்தத்தை எடுத்தால் ‘நாலா மடிக்கோணும்’ என்பதும் போய்விடும். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சாமினியிடம் காட்டினேன். தான் நைட்டியோடு நிற்பதைப் பார்த்து வீட்டை இரண்டாக்குவாள் என்று நினைத்தேன். அவள் வீடியோவை விட்டுவிட்டு என் பதிலை வாசித்தாள். இரண்டு தரம்.

“இதை நீங்களோ எழுதினது?”

“பகிடிக்கு...”

“ஒரு பொம்பிளை முதல் முதலாத் துணி வெட்டிப்போட்டு வந்து கேட்டிருக்கிறா. உங்களுக்குப் பகிடியே?” கையிலிருந்த சட்டியைப் பலமாக வைத்தாள். “முதல் முதலாத் தைச்ச சேர்ட்டுக்கு நீங்கள் ரெண்டு இடக்கை வச்சனீங்கள். நான் ஆருக்கும் சொன்னனானே?”

“இப்ப சொல்லுறாய் தானே.”

“போடுங்கோ.”

“அக்கா பாப்பா.”

“பாக்கட்டும்! நைட்டி சாக்கு மாதிரித்தான் கிடக்கு. முகத்தை மறைக்கவும் வேண்டாம். மறைச்சால், ஆரோ ஒருத்தியை வச்சிருக்கிறார் எண்டு சனம் கதைக்கும்.”

போட்டேன். பதினொரு செக்கனையும், மீன் சட்டியோடு, முழுதாக. மேலே எழுதினேன்: ‘கஃப்தான் வீடியோவில் மடிப்பதை நான் வெட்டி எடுத்துவிட்டேன். பஸீஹா என்ற சகோதரி நான் காட்டியபடியே வெட்டினார். பிழை அவருடையதல்ல, என்னுடையது. கைக்குட்டை என்று சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.’ சொன்னபடி சிரித்தார்கள். நாலாயிரம் பேரும் இவ்வளவு சொல்வழி கேட்பவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா பின்னூட்டத்தில் ஒரேயொரு வரி எழுதினார்: ‘நைட்டியைத் திருப்பி அனுப்பு.’ பிறகு இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பஸீஹாவிடமிருந்து செய்தி வந்தது. சலாம் இல்லை, நன்றி இல்லை.

‘மாமி பாத்தாங்க. எல்லாருக்கும் முன்னால. மன்னிப்பெல்லாம் கேக்கல்ல. ஆனா கஃப்தானத் திருப்பிப் பாத்து, நடுப் பொருத்துல வச்ச லேஸ் எங்க வாங்கினன்னு கேட்டாங்க. என்ட பேர் செல்லிக் கேட்டாங்க.’

நான் ஒரு கும்பிடும் இரண்டு பூவும் அனுப்பினேன். செய்தி போய்ச் சேரவில்லை. என்னை ப்ளொக் செய்துவிட்டிருந்தார்.

அடுத்த மாதம் யாரோ ஒரு புதுப் பக்கத்தைப் பகிர்ந்திருந்தார்கள். முதல் வீடியோ: நடுவில் லேஸ் வைத்த கஃப்தான். முகம் இல்லை, கைகள் மட்டும். அந்தக் கைகளை எனக்குத் தெரியும். துணியை ஒரு தரம் மடித்தன. பிறகு இன்னொரு தரம். கமெராவுக்கு அருகே கொண்டுவந்து, நாலு விளிம்பையும் ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக் காட்டின. “இதக் காட்டாதவங்கட வீடியோவப் பாத்து யாரும் துணி வெட்ட வாணாம்,” என்றது குரல்.

என் பெயரிலேயே வைத்திருந்த இரண்டாவது பேஸ்புக் கணக்கிலிருந்து எட்டிப் பார்த்து, ‘தங்கச்சி, பொருத்து நல்ல வடிவா வந்திருக்கு’ என்று எழுதினேன். மனதாரத்தான் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

‘சயந்தன் நானா, மடிக்கத் தெரியாதவங்களுக்கு நான் கஃப்தான் செல்லித் தாற இல்ல. கைக்குட்டை வேணும்னா வாங்க.’

இரவுக்குள் முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். யார் யாரென்று தொட்டுப் பார்த்தேன். பட்டியலில் முதற்பெயர் சாமினி.